தங்கப் பந்தும் புத்தகப் பையும்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் நாள், சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் சல்வத்தோரே ஸ்கில்லாச்சி தமது 59ஆவது வயதில் காலமானார். நகர மக்கள் 'தோத்தோ' என்று செல்லமாக அழைத்த அந்த உதைபந்தாட்ட வீரரின் உடல், ரென்சோ பார்பெரா விளையாட்டரங்கில் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு உலகக் கிண்ணச் சுற்றுப்போட்டியின் மிகச் சிறந்த வீரருக்கான 'தங்கப் பந்து' விருதையும், அதிக கோல்களை அடித்தவருக்கான 'தங்கப் பாதணி' விருதையும் ஒருங்கே வென்ற அவருக்கு அவரது பிறந்த ஊர் செலுத்திய இறுதி மரியாதை அது.

அதே நகரில், 1980களிலிருந்து சிறுகச் சிறுகக் குடியேறிய ஈழத்தமிழர் சமூகம் ஒன்று இன்று இரண்டாம் தலைமுறையைக் கடந்து கொண்டிருக்கிறது. அச்சமூகத்தின் பிள்ளைகள் பலெர்மோத் தெருக்களிலும் கழகத் திடல்களிலும் பந்தை உதைத்து வளர்கின்றனர். அவர்களில் எவரேனும் ஒருவர் திறமைசாலி என்று பயிற்றுநர் சொல்லும்போது பெற்றோரின் மனத்தில் இரு எண்ணங்கள் மோதுகின்றன. பிள்ளையின் பெயர் நாளேட்டில் வரவேண்டும் என்ற ஆசை ஒன்று. படிப்புக் கெட்டுவிடுமே என்ற அச்சம் மற்றொன்று. 'மிகச் சிறந்த வீரர்' என்று ஒருவரைத் தனியே பிரித்தெடுத்துப் பாராட்டும் வழக்கம் அவருக்கு எதைத் தருகிறது, எதைத் தரத் தவறுகிறது என்பதைப் பெற்றோரும் இளையோரும் சற்று நிதானமாகச் சிந்திப்பது அவசியமாகும். அதற்கு ஸ்கில்லாச்சியின் வாழ்க்கையை விடப் பொருத்தமான உதாரணம் பலெர்மோவில் இல்லை.

ஒரே ஒரு கோடைகாலம்

1964ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாம் நாள் பிறந்த ஸ்கில்லாச்சி, பலெர்மோவின் ஏழைக் குடியிருப்புகளில் ஒன்றான 'செப்' பகுதியில் வளர்ந்தவர். படிப்பை இளவயதிலேயே கைவிட்டு, வாகனச் சில்லுகள் திருத்தும் கடையில் வேலை செய்தவர். நகரப் பேருந்து நிறுவனத்தின் சிறிய அணியில் ஆடத் தொடங்கி, 1982இல் நீரிணையோர நகரமான மெசினாவின் கழகத்திற்குச் சென்றார். அங்கே ஏழு ஆண்டுகள் ஆடினார். 1988-89 பருவத்தில் இத்தாலியின் இரண்டாம் நிலைப் பிரிவில் 23 கோல்களை அடித்து முதலிடம் பெற்ற பின்னரே, வடக்கின் பெருங்கழகமான யுவென்டஸ் அவரை அழைத்தது. அப்போது அவருக்கு வயது 24. பிறந்த ஊரின் பெயரைத் தாங்கிய பலெர்மோக் கழகத்திற்காக அவர் ஒருபோதும் ஆடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

உலகக் கிண்ணம் தொடங்கியபோது இத்தாலியத் தேசிய அணியில் அவர் ஆடியிருந்தது ஒரே ஒரு ஆட்டம் மட்டுமே. 1990 ஜூன் 9ஆம் நாள் ரோமில் ஒஸ்திரியாவுக்கு எதிரான ஆட்டம் கோலின்றி நீண்டு கொண்டிருக்க, ஏறத்தாழ 15 நிமிடங்கள் எஞ்சியிருந்த வேளையில் மாற்று வீரராக இறக்கப்பட்டார். சில நிமிடங்களில் வியாலி அனுப்பிய பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். அடுத்து செக்கோஸ்லோவாக்கியா, உருகுவே, அயர்லாந்து, ஆர்ஜென்டீனா, இங்கிலாந்து ஆகிய அணிகளுக்கு எதிராகவும் அடித்து மொத்தம் ஆறு கோல்களைப் பெற்றார். எனினும் நாப்போலியில் நடந்த அரையிறுதியில் ஆர்ஜென்டீனாவிடம் தண்டனை உதைகளில் தோற்ற இத்தாலிக்கு மூன்றாம் இடமே கிடைத்தது. கிண்ணம் ஜேர்மனிக்குப் போயிற்று. தங்கப் பந்து பலெர்மோவின் மைந்தனுக்குக் கிடைத்தது. ஜேர்மனியின் தலைவர் மத்தேயுசும் ஆர்ஜென்டீனாவின் மரடோனாவும் அவருக்கு அடுத்த இடங்களையே பெற்றனர்.

இங்கே கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராகக் கிடைத்த தண்டனை உதையை அடிக்கும் வாய்ப்பை ரொபேர்ட்டோ பாஜ்ஜோ விட்டுக்கொடுத்தார். அதனாலேயே ஸ்கில்லாச்சி ஆறாவது கோலைப் பெற்று, ஐந்து கோல்கள் அடித்திருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்குராவியை முந்தினார். தனிநபர் விருது என்று பெயர் பெற்ற தங்கப் பாதணி, உண்மையில் ஒரு சக வீரனின் பெருந்தன்மையால் உறுதியானது. விருதின் பீடத்தில் அந்தப் பெயர் பொறிக்கப்படுவதில்லை.

பின்னர் நடந்தது என்ன? அடுத்த பருவத்தில் யுவென்டசுக்காக முதற்பிரிவுத் தொடரில் அவரால் ஐந்து கோல்களையே அடிக்க முடிந்தது. தேசிய அணிக்காக அவர் அடித்த கோல்கள் மொத்தம் ஏழு. அவற்றில் ஆறு அந்த ஒரே கோடைகாலத்திற்குரியவை. இன்டர் மிலானுக்குச் சென்று, 1994இல் ஜப்பானின் ஜூபிலோ இவாட்டாக் கழகத்தில் இணைந்து, அங்கேயே தமது ஆட்ட வாழ்வின் இறுதிக் காலத்தைக் கழித்தார். வடக்கின் அரங்குகளில், 'தெற்கத்தியான்' என்ற ஏளனக் கூச்சல்களையும் அவர் கேட்க நேர்ந்தது. உலகின் தலைசிறந்த வீரர் என்ற பட்டம்கூட அந்த ஏளனத்தை நிறுத்தவில்லை. புலம்பெயர்ந்து வாழ்வோருக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஸ்கில்லாச்சி வீழ்ந்துவிடவில்லை. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் பலெர்மோவுக்கே திரும்பி, சிறுவர்களுக்கான உதைபந்தாட்டப் பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்தினார். விருது தந்த புகழ் ஒரு கோடையோடு வாடியது. அவர் கற்றுக்கொடுத்த ஆட்டம் பல ஆண்டுகள் பல நூறு சிறுவர்களின் கால்களில் நின்றது.

கிண்ணம் ஓரிடம், விருது வேறோரிடம்

பலெர்மோ இதற்கு நேர்மாறான காட்சியையும் கண்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை இத்தாலி வென்றபோது, அந்த அணியில் பலெர்மோக் கழக வீரர்கள் நால்வர் இருந்தனர்: குரோசோ, பார்சாலி, சக்கார்தோ, பரோனே. அவர்களுள் ஃபாபியோ குரோசோ இடப்புறத் தடுப்பு வீரர். சிறு கழகங்களில் நெடுங்காலம் ஆடி, 2004இல் பலெர்மோவுக்கு வந்தவர். அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இறுதி நொடிகளில் கிடைத்த தண்டனை உதை அவர் வீழ்த்தப்பட்டதால் கிடைத்தது. ஜேர்மனிக்கு எதிரான அரையிறுதியில் 119ஆவது நிமிடத்தில் முதற்கோலை அடித்தவர் அவர். பேர்லினில் நடந்த இறுதியாட்டத்தில் வெற்றியை உறுதிசெய்த கடைசித் தண்டனை உதையும் அவருடையதே.

இருப்பினும் அந்த ஆண்டின் தங்கப் பந்து விருது பிரான்சின் சிடானுக்கு வழங்கப்பட்டது. இறுதியாட்டத்தில் எதிரணி வீரரைத் தலையால் முட்டிச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியவர் அவர். சிடானின் திறமையில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் விருதைத் தீர்மானித்தவர்கள் ஊடகவியலாளர்கள். அவர்களின் கண் பெரும்பாலும் அழகாக ஆடுபவரையும் கோல் அடிப்பவரையும் நாடுகிறது. தடுப்பவரும் ஓடி இடம் அமைத்துக் கொடுப்பவரும் அந்தப் பார்வைக்கு அரிதாகவே தென்படுகின்றனர். பலெர்மோத் தமிழ்ச் சிறுவன் ஒருவன், "நான் பின்வரிசையில்தான் ஆடுகிறேன், எனக்கு ஒருபோதும் கிண்ணம் கிடைக்காது" என்று சோர்வடைந்தால், குரோசோவின் கதையை அவனுக்குச் சொல்லலாம்.

அமெரிக்கக் கல்லூரிகளின் வழி

மேலே சொல்லப்பட்டவை தொழில்முறை ஆட்டத்தின் விருதுகள். மாணவர்களுக்கு வழங்கப்படும் விருதுகளில் உலகிலேயே மிகுந்த ஆரவாரத்துடன் வழங்கப்படுபவை அமெரிக்கக் கல்லூரிகளுக்குரியவை. கனடாவிலும் அமெரிக்காவிலும் உறவினர்களைக் கொண்ட தமிழ்க் குடும்பங்களில் இவற்றின் பெயர்கள் அறிமுகமானவையே.

பந்தைக் கையிற் சுமந்து ஓடி ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் மிகச் சிறந்த கல்லூரி வீரருக்கு 'ஹைஸ்மன்' விருது வழங்கப்படுகிறது. 1935ஆம் ஆண்டு நியூயோர்க்கின் விளையாட்டுக் கழகம் ஒன்று இதனைத் தொடக்கியது. மறு ஆண்டு காலமான தமது விளையாட்டுப் பணிப்பாளர் ஜோன் ஹைஸ்மனின் பெயரை அக்கழகம் விருதுக்குச் சூட்டியது. நாடெங்கும் உள்ள 870 ஊடகவியலாளர்களும் முன்னர் இவ்விருதை வென்றவர்களும் வாக்களிக்கின்றனர். பொதுமக்களின் வாக்குகள் அனைத்தும் சேர்ந்து ஒரு வாக்காகக் கணக்கிடப்படுகின்றன. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆர்ச்சி கிரிபின் மட்டுமே 1974, 1975 ஆகிய இரு ஆண்டுகளிலும் இதனை வென்றவர். ஆனால் எதிரணியை வழிமறித்துத் தம் வீரனுக்குப் பாதை அமைத்துத் தரும் முன்வரிசைக் காவலர் ஐவரில் ஒருவருக்கேனும் இவ்விருது இதுவரை கிடைத்ததில்லை. குரோசோவுக்கு நேர்ந்ததே அங்கும் நேர்கிறது.

முதலாவது ஹைஸ்மன் விருதை வென்றவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். 1936இல் தொழில்முறைக் கழகங்கள் முதன்முறையாகக் கல்லூரி வீரர்களை முறைப்படி தெரிவு செய்தபோது, முதல் தெரிவாக அறிவிக்கப்பட்டவரும் அவரே. ஆயினும் அவர் தொழில்முறை ஆட்டத்திற்குப் போகவே இல்லை. படித்து முடித்து, வேறு தொழிலில் ஈடுபட்டு, பின்னர் சொந்தமாக உற்பத்தி நிறுவனம் ஒன்றை நடத்தினார். அந்தப் புகழ்பெற்ற வெண்கலச் சிலை நெடுங்காலம் அவரது அத்தை வீட்டில் கதவு மூடாமல் தடுத்து நிறுத்தும் கட்டையாகப் பயன்பட்டதாம்! விருதை அவர் இகழவில்லை. அது தமது வாழ்க்கையின் ஒரு பகுதி மட்டுமே என்பதை அவர் அறிந்திருந்தார். கையிலே பட்டம் இருந்ததால் அப்படி அறிந்திருக்க அவரால் முடிந்தது.

கூடைப்பந்தாட்டத்தில் 1969 முதல் 'நெய்ஸ்மித்' விருதும், 1977 முதல் 'ஜோன் வூடன்' விருதும் வழங்கப்பட்டு வருகின்றன. இவற்றுள் வூடன் விருது தமிழ்ப் பெற்றோரின் சிறப்புக் கவனத்திற்குரியது. புகழ்பெற்ற பயிற்றுநரான வூடனின் பெயரைத் தாங்கிய இவ்விருதுக்குத் தகுதி பெற, ஆட்டத் திறமை மட்டும் போதாது. மாணவர் தமது கல்வியில் நான்கிற்கு இரண்டு என்ற சராசரிப் புள்ளியையேனும் பெற்றிருக்க வேண்டும். களத்திலும் வெளியிலும் நல்லொழுக்கமும், அணிக்காக உழைக்கும் மனப்பாங்கும் கருத்திற் கொள்ளப்படுகின்றன. நான்கிற்கு இரண்டு என்பது பெரிய புள்ளி அன்று. ஆனாலும், 'நீ முதலில் மாணவன்' என்று விருதே சொல்கிறது.

அமெரிக்க முறை குறையற்றது என்று எவரும் கருத வேண்டியதில்லை. கல்லூரிகள் பெருந்தொகை ஈட்ட, ஆடும் மாணவர்களுக்கு நெடுங்காலம் கல்விச் சலுகைக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. 2005இல் ஹைஸ்மன் வென்ற ரெஜி புஷ், குடும்பத்தினர் முறையற்ற பணப் பயன் பெற்றதாக எழுந்த குற்றச்சாட்டினால் 2010இல் விருதைத் திருப்பிக் கொடுத்தார். 2021இல் மாணவ வீரர்கள் தமது பெயராலும் தோற்றத்தாலும் வருமானம் பெற அனுமதிக்கப்பட்டது. 2024இல் அந்த விருது அவருக்கே மீள வழங்கப்பட்டது. வீரர் மாறவில்லை, அவர் ஆடிய ஆட்டங்கள் மாறவில்லை; அளவுகோல் மாறியது. எந்த விருதும் மனிதர் வகுத்த அளவுகோலின் விளைவே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையா?

யாழ்ப்பாணத்து நினைவும் இத்தாலியத் திடலும்

இந்த அமெரிக்க முறை ஈழத்தமிழருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஈழத்திலும் விளையாட்டு பாடசாலையின் பிள்ளையே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கியது. 'வடக்கின் பெருஞ்சமர்' என்று அழைக்கப்படும் அப்போட்டியில், சிறந்த துடுப்பாட்ட வீரர், சிறந்த பந்துவீச்சாளர் என்று தனித்தனி விருதுகள் வழங்கப்படுவது வழக்கம். அவற்றை வெல்பவர்கள் பாடசாலைச் சீருடையணிந்த மாணவர்கள். அதிபரின் கண்காணிப்பில் இருப்பவர்கள். மறுநாள் காலையில் வகுப்பறைக்குத் திரும்புபவர்கள்.

மலையகத் தமிழரான முத்தையா முரளிதரன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் ஆடியவர். தொடக்கத்தில் மித வேகப் பந்துவீச்சாளராக இருந்த அவரைப் பதினான்காவது வயதில் சுழற்பந்து வீச்சுக்கு மாறச் சொன்னவர் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1990-91 பருவத்தில் முரளிதரன் இலங்கையின் சிறந்த பாடசாலைத் துடுப்பாட்ட வீரராகத் தெரிவு செய்யப்பட்டார். 2010இல் அவர் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வு பெற்றார். அந்தப் பெருங்கணக்கின் முதல் வரி ஒரு பாடசாலை மைதானத்தில் எழுதப்பட்டது.

இத்தாலியில் நிலைமை வேறு. அங்கே உதைபந்தாட்டத்தை வளர்ப்பவை கழகங்கள், பாடசாலைகள் அல்ல. மாணவன் காலையில் பாடசாலைக்குச் செல்கிறான். மாலையில் வேறோர் இடத்தில், வேறொருவரின் பொறுப்பில், வேறோர் அணியின் சீருடையில் ஆடுகிறான். ஆசிரியருக்குத் திடலில் நடப்பது தெரியாது. பயிற்றுநருக்கு வகுப்பில் நடப்பது தெரியாது. ஸ்கில்லாச்சியின் பாடசாலைப் படிப்பு நின்றபோது அவரது ஆட்டம் நிற்கவில்லை. ஆட்டத்தை நடத்தியவர்கள் பாடசாலையைப் பற்றிக் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. சிக்காகோவில் பெர்வாங்கருக்குக் கிடைத்த பாதுகாப்பு 'செப்' குடியிருப்புச் சிறுவனுக்குக் கிடைக்காமற் போனதன் காரணம் இதுவே.

தமிழ்ப் பெற்றோர் பலர் இந்த வேறுபாட்டை உணராமலே முடிவெடுக்கின்றனர். தாயகத்தில் பாடசாலை பார்த்துக்கொண்டதை இங்கும் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு சாரார் நம்புகின்றனர். மறு சாரார் கழகம் என்றாலே படிப்பின் எதிரி என்று கருதி, பதினான்கு வயதில் பிள்ளையை நிறுத்திவிடுகின்றனர். இரண்டும் தவறு. இத்தாலியில் திடலையும் வகுப்பறையையும் இணைக்கும் பாலம் ஒன்றே ஒன்றுதான்: அது குடும்பம்.

அந்தப் பாலமாக இருப்பது எளிதன்று என்பதும் உண்மை. பலெர்மோத் தமிழரில் பெரும்பாலோர் வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் உழைப்பவர்கள். அத்தகையோருக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஓய்வு வியாழன் பிற்பகலும் ஞாயிற்றுக்கிழமையுமே. கழக ஆட்டங்கள் வார இறுதியில் வருகின்றன. தமிழ்ப் பாடசாலையும் வார இறுதியில்தான். தமிழா, பந்தா என்று பிள்ளையைத் தெரிவு செய்யச் சொன்னால் எது தோற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அத்தகைய தெரிவை ஒரு குழந்தையின் தலையில் சுமத்துவதே முதற் பிழை. பருவம் தொடங்குமுன் ஆட்ட அட்டவணையைப் பெற்று, தமிழ்ப் பாடசாலை நிர்வாகிகளோடு கலந்துபேசினால், ஆண்டில் மோதும் நாட்களைப் பெருமளவு குறைக்கலாம்.

சட்டமும் வாய்ப்பும்

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகள் உள்ளன. 2016ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாளின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பத்து வயது நிறைவடைவதற்கு முன்பிருந்தே இத்தாலியில் முறைப்படி வசித்துவரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை, இத்தாலியப் பிள்ளைகளுக்குரிய அதே நடைமுறையின்படி விளையாட்டுச் சம்மேளனங்களின் கழகங்களில் பதிவு செய்ய வழி ஏற்பட்டது. ஆனால் இச்சட்டம் குடியுரிமையைத் தருவதன்று. தேசிய அணியின் சீருடையை அணியக் குடியுரிமை வேண்டும்.

1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி, இத்தாலியில் பிறந்து பதினெட்டு வயது வரை இடையறாது சட்டப்படி வசித்த ஒருவர், பதினெட்டு வயது நிறைந்த ஓராண்டுக்குள் தமது விருப்பத்தை அறிவித்துக் குடியுரிமை பெறலாம். அந்த ஓராண்டைத் தவறவிட்டால் வழி நீண்டுவிடும். வதிவுப் பதிவில் இடைவெளி நேராமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை. குடியுரிமைக்கான வதிவுக் காலத்தைப் பத்தாண்டிலிருந்து ஐந்தாண்டாகக் குறைக்கக் கோரி 2025 ஜூன் மாதம் நடந்த மக்கள் வாக்கெடுப்பு, போதிய வாக்காளர் பங்கேற்காததால் செல்லுபடியாகவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். எத்தனை கோல் அடித்தாலும், ஆவணம் சரியில்லாத பிள்ளைக்கு ஒரு கதவு மூடியே இருக்கும்.

கல்வித் துறையிலும் வாய்ப்புகள் உள்ளன. உயர்நிலைப் பாடசாலைகளில் விளையாட்டுப் பிரிவுடன் கூடிய அறிவியல் லிச்சேயோ கற்கைநெறி 2014-15 கல்வியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது. உயர் மட்டத்தில் ஆடும் மாணவர்களுக்கெனக் கல்வி அமைச்சு ஒரு திட்டத்தையும் நடத்துகிறது. அதன்படி தகுதி பெறும் மாணவருக்குப் பாடசாலை தனிப்பட்ட கற்றல் திட்டம் ஒன்றை வகுத்து, பயிற்சிக்கும் பரீட்சைக்கும் இடையே நெகிழ்வு காட்டலாம். கேட்பவர்க்கே கிடைக்கும் வாய்ப்பு இது. பாடசாலையில் மொழி தெரியாது தயங்கும் தாய் தந்தையர், இத்தாலிய மொழி அறிந்த இளையோரை உடன் அழைத்துச் சென்றேனும் கேட்கவேண்டும்.

சமூக விருதுகள் எவ்வாறு அமைய வேண்டும்?

புலம்பெயர் தமிழ் அமைப்புகள் கோடை தோறும் சுற்றுப்போட்டிகளை நடத்துகின்றன. 'சிறந்த ஆட்டக்காரர்' என்ற கிண்ணம் எல்லா இடத்திலும் உண்டு. அக்கிண்ணத்தை ஒழித்துவிட வேண்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பதக்கம் கொடுத்தால் போதும் என்று கூறுவோரும் உளர். அது சரியான தீர்வு ஆகாது. திறமையைத் திறமை என்று சொல்லாவிட்டால், அதனைப் பிள்ளைகளே நம்பமாட்டார்கள். 'செப்' குடியிருப்புச் சிறுவன் ஒருவனை உலகம் பெயர் சொல்லி அழைத்ததில், பின்தள்ளப்பட்ட ஒரு நகரமே தலைநிமிர்ந்தது. விருது இருக்கட்டும். அதன் அளவுகோல் திருந்தட்டும்.

முதலாவதாக, தெரிவு முறை சுற்றுப்போட்டி தொடங்குமுன் எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். ஏற்பாட்டாளர் மட்டும் கூடித் தீர்மானிக்காது, நடுவர்களும் எதிரணித் தலைவர்களும் வாக்களிக்க வேண்டும். எதிர்த்து ஆடியவனுக்குத் தெரியாத திறமை பார்வையாளருக்குத் தெரிந்துவிடுவதில்லை.

இரண்டாவதாக, கோல் அடித்தவருக்கு ஒரு விருது என்றால், தடுத்தவருக்கும் பந்துக்காப்பாளருக்கும் ஒன்று வேண்டும். பாஜ்ஜோ செய்ததைப் போல அணிக்காக விட்டுக்கொடுத்தவருக்கும் ஒரு விருது இருப்பின் மேலும் சிறப்பு.

மூன்றாவதாக, பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் விருதில் கல்வியும் இடம்பெற வேண்டும். உயர்ந்த புள்ளிகளைக் கேட்பது தேவையற்றது. அது படிப்பில் தடுமாறும் பிள்ளையை இருபுறமும் தள்ளிவிடும். பாடசாலைக்கு ஒழுங்காகச் செல்கிறாரா, தொடர்ந்து கற்கிறாரா என்பது போதும். வூடன் விருது வைத்திருக்கும் சிறிய படியைப் போன்றதே இதுவும்.

நான்காவதாக, பரிசு பயனுள்ளதாக இருக்க வேண்டும். ஆளுயரக் கிண்ணத்திற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பிள்ளையின் கழகப் பதிவுக் கட்டணத்தையோ, மருத்துவச் சான்றிதழுக்கான செலவையோ, ஒரு சோடிப் பாதணியையோ கொடுக்கலாம். ஒரே உழைப்பில் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் குடும்பத்திற்கு அதுவே பெரும் உதவி.

ஐந்தாவதாக, பெண்பிள்ளைகளை மறத்தலாகாது. அமெரிக்காவின் வூடன் விருது பெண்களுக்கும் வழங்கப்படத் தொடங்கியது 2004இல் மட்டுமே. 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதனை வென்ற அயோவாப் பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க்கின் ஆட்டத்தைக் காண அரங்குகள் நிரம்பி வழிந்தன. தமிழ்ச் சுற்றுப்போட்டிகளில் பெண்கள் பரிசளிப்பு மேடையில் தட்டேந்தி நிற்பதற்கு மட்டும் அழைக்கப்படும் நிலை இனியும் தொடரக்கூடாது.

இறுதியாக, இளையோருக்கு ஒரு சொல். விருது கிடைத்தால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள். அதைத் தந்த பந்தை உங்களுக்கு அனுப்பியவரின் பெயரை மேடையிலேயே சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் குரோசோவை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையின் விளையாட்டுப் பையை வீட்டு வாசலுக்கு வெளியே எறியவும் வேண்டாம், புத்தகப் பையை அதற்காகப் பறிகொடுக்கவும் வேண்டாம். இரண்டையும் சுமக்கும் வலிமை பிள்ளைகளுக்கு உண்டு. அவர்கள் களைத்துப்போகும் மாலைகளில் ஒரு பையையேனும் சற்று நேரம் வாங்கிப் பிடிக்க வீட்டில் ஓர் ஆள் இருந்தால் போதும்.